இருமிக்கொண்டு வந்தவர்கள்: காவிரிக்கரையும் காசநோயும்

1919ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஸ்ரீனிவாச ராமானுஜன் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியபோது மிகவும் மெலிந்த நோயாளியாக இருந்தார். காவிரிக்கரைக் கொடுமுடியில் சில மாதங்கள், பிறகு தாம் வளர்ந்த கும்பகோணத்தில் சில மாதங்கள், கடைசியாகச் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு வீடு என்று இடம் மாறிக்கொண்டே இருந்தவர், 1920 ஏப்ரல் 26 அன்று 32ஆம் வயதில் காலமானார். அவரைக் கொண்டுபோனது காசநோய் என்றே நாம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் படித்தோம். இன்றும் பெரும்பாலோர் அப்படித்தான் அறிந்திருக்கிறோம்.

ஆனால் 1994இல் டி. ஏ. பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவர், எஞ்சியிருந்த கடிதங்களையும் நோய்க்குறிப்புகளையும் ஆராய்ந்து, அது காசநோயாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று எழுதினார். இளமையில் ராமானுஜனுக்கு வந்த சீதபேதியின் அமீபாக் கிருமிகள் கல்லீரலில் தங்கிப் பின்னாளில் சீழ்க்கட்டியாக மாறியிருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அந்நாளில் அந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்துவிட்டால் குணப்படுத்துவது இயலும் என்றும் அவர் வாதிட்டார். இங்கிலாந்தில் ராமானுஜனைப் பார்த்த மருத்துவர்களும் ஒரே குரலில் பேசவில்லை. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பின்னர் காசநோய் என்று சானடோரியங்களுக்கு அனுப்பினார்கள். சென்னையில் அவரைக் கவனித்தவரும் காசநோய் மருத்துவத்தில் பெயர்பெற்றவரே.

யங் சொல்வது சரியா என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. கேம்பிரிட்ஜ் ட்ரினிடி கல்லூரியின் ஆதரவும், ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற தகுதியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையும் பெற்றிருந்த ஒருவருக்கே நோய் இன்னதென்று ஐயமறத் தெரியாமல் போயிருக்கிறது. அப்படியானால் அதே காலத்தில் கும்பகோணத்தைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான சேரிகளிலும் குடியானவர் தெருக்களிலும் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன நோய் என்று யார் பார்த்தார்கள்? அவர்கள் எங்கே போனார்கள்? தமிழ்நாட்டில் காசநோய் மருத்துவத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால், அது பெரும்பாலும் தூரத்தைப் பற்றிய வரலாறாகவே தெரிகிறது. நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை யார் நடந்து கடப்பது, கடக்காதபோது பழி யார் தலையில் விழுகிறது என்பதே அதன் உள்ளோட்டம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். காசம் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் இருமல். க்ஷயம் என்றால் தேய்வு. எலும்புருக்கி என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இருமல், தேய்தல், உருகுதல் என்று மூன்றுமே நோயாளி உணர்வதையும் வீட்டார் கண்ணால் காண்பதையும் ஒட்டி எழுந்தவை. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலை அமைத்து, உள்நாட்டு வைத்தியர்களையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் ஒருசேரப் போற்றினார். அங்கே திரட்டப்பட்ட மருந்து முறைகளைச் சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற வரிசையில் அச்சிட்டது. அந்த மரபில் நோய் என்பது அறிகுறிகளின் தொகுப்பு. வைத்தியர் நாடியைப் பார்ப்பார், உடலைப் பார்ப்பார், நோயாளி சொல்வதைக் கேட்பார். நோயின் பெயர் நோயாளியின் வாயிலிருந்தே பாதி வந்துவிடும்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தபின் இந்த நிலை மாறியது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சிவந்த சிறு கோல்களாகக் கிருமி தெரியும். தெரிந்தால் காசநோய். அறிவியலுக்கு இது மாபெரும் தெளிவு. ஆனால் சாதாரண மனிதருக்கு இதன் இன்னொரு விளைவும் உண்டு. நோயின் பெயர் இப்போது அவர் உடலில் இல்லை. ஒரு தகட்டில் இருக்கிறது. அந்தத் தகடும் சாயமும் நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் எந்த ஊரில் இருக்கின்றனவோ அந்த ஊர்வரைக்கும் அவர் போயாக வேண்டும்.

கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியை நிரப்பியது சானடோரியம். தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, ஊரிலிருந்து விலகிய இடம் என்பவையே அதன் சிகிச்சை. ராமானுஜன் அனுப்பப்பட்ட மெண்டிப் மலைச் சானடோரியத்தை நடத்திவந்தவர் ஓர் இந்தியர். டாக்டர் சௌரி முத்து. 1914இல் ராமானுஜன் இங்கிலாந்துக்குச் சென்ற அதே கப்பலில் அவரும் பயணம் செய்தார். பின்னர் தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. புறநகர் ரயிலில் போகிற எவரும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையப் பெயரை இன்றும் கேட்கலாம். தெற்கே பெருந்துறையிலும் மதுரைக்கருகே ஆஸ்டின்பட்டியிலும் இவ்வகை மருத்துவமனைகள் எழுந்தன. தஞ்சை வட்டாரத்துக்கு அமைந்தது செங்கிப்பட்டி. தஞ்சையிலிருந்து திருச்சி போகும் சாலையில், நன்செய் முடிந்து செம்மண் மேட்டுநிலம் தொடங்கும் இடம் அது. வறண்ட காற்றும் ஒதுக்குப்புறமும் வேண்டும் என்ற சானடோரியக் கருத்துக்குப் பொருந்திய இடம்.

சானடோரியங்கள் செய்த தொண்டைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. வேறெங்கும் கிடைக்காத படுக்கையும் பராமரிப்பும் அங்கே பலருக்குக் கிடைத்தன. ஆனால் கணக்கு இடித்தது. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் நோயுற்றிருப்பதாகவும் ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்காக இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. சிகிச்சை என்பது படுக்கைதான் என்று கொண்டால், நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே இல்லை என்றாகிறது.

படுக்கை கிடைத்தாலும் போய்ப் படுக்க முடிந்தவர் யார்? டெல்டாவின் பழைய பண்ணை முறையை எண்ணிப் பார்க்கலாம். பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரின் மனையில். பண்ணையாட்களை விருப்பம்போல் வெளியேற்றுவதைத் தடுக்கச் சட்டம் வந்ததே 1952இல்தான்; குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்ற குடியிருப்புச் சட்டம் வர 1971 ஆயிற்று. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்த காலத்தில் ஓராண்டு சானடோரியத்தில் படுத்திருப்பது என்பது, திரும்பி வரும்போது இரண்டும் இருக்குமா என்ற கேள்வியோடு போவதாகும். ஆகவே இருமலோடு வயலில் இறங்கியவர்களை அறியாமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் தங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் ‘பாஸ்’ எனப்படும் மருந்தும், 1952இல் ஐசோநியசிடும் வந்தன. நம் புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மறைந்தபோது மருந்து உலகில் இருந்தது. நம் எழுத்தாளர் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் மருந்து மலிவாகி இந்தியாவுக்கும் வந்துசேர்ந்தபோது அரசின் முன் நின்ற கேள்வி இதுதான்: மருந்து இருக்கும்போது சானடோரியம் இன்னும் தேவையா? ஏழை நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? முடியும் என்று நம்ப மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் தயாராக இல்லை. இடநெருக்கடி, அரைப்பட்டினி, ஓய்வின்மை என்று அவர்கள் அடுக்கிய காரணங்கள் எல்லாமே உண்மைதான்.

இக்கேள்விக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1961 வரை அதை நடத்தினார். மையம் அமைந்தது சேத்துப்பட்டில். 36 ஆண்டுகளுக்கு முன்பு ராமானுஜன் உயிர்விட்ட அதே பகுதி.

ஆய்வு எளிமையானது. சென்னை நகரத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து, சளியில் கிருமி உறுதிசெய்யப்பட்ட 193 பேர் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் வசதியோ முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறை முடிவு செய்தது. இரு சாராருக்கும் ஐசோநியசிடும் பாஸும் ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, நீண்ட ஓய்வு, செவிலியர் பார்வை எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சிறு வேறுபாடுதான். அதன்பின் ஐந்தாண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தபோதும் நோய் திரும்பியதில் வீட்டுக்காரர்கள் பின்தங்கவில்லை. கூடவே வசித்த குடும்பத்தாருக்கு நோய் பரவியதா என்பதே எல்லோருடைய அச்சமுமாக இருந்தது. அதிலும் வீட்டுச் சிகிச்சையால் கூடுதல் தீங்கு காணப்படவில்லை. தொற்ற வேண்டிய அளவுக்கு நோய் கண்டறியப்படும் முன்பே தொற்றிவிடுகிறது. சிகிச்சை தொடங்கியபின் நோயாளி வீட்டில் இருப்பதால் பெரிதாக எதுவும் கூடிவிடுவதில்லை. இந்த உண்மையின் மறுபக்கத்தை நாம் மறக்கக்கூடாது. குடும்பத்தைக் காப்பது நோயாளியை ஒதுக்கி வைப்பதில் இல்லை. விரைவில் கண்டறிவதில்தான் இருக்கிறது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படத் தொடங்கியதற்குச் சென்னையின் இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்பதே இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதையும் அங்கே உணர்ந்தார்கள். நோயாளி தானாகவே மருந்தை உட்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே எழுதினார். ஒருவர் பார்த்திருக்க மருந்தை விழுங்கச் செய்யும் முறை, பிற்காலத்தில் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. அதன் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

ஆனால் இதே ஆய்விலிருந்து பிறந்த ஒரு கட்டுரை பிற்காலத்தில் அரைகுறையாக நினைவில் கொள்ளப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். உணவைப் பற்றி 1961இல் வெளியான கட்டுரை அது. வீட்டில் இருந்தவர்கள் சத்துக்குறைந்த உணவையே உண்டார்கள், உழைத்தார்கள், எடை கூடியதும் குறைவு. ஆயினும் மருந்து அவர்களைக் குணப்படுத்தியது என்பது அதன் கண்டுபிடிப்பு. ஏழைக்குச் சிகிச்சை தர உணவு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது இதன் நேர்ப்பொருள். உணவு தேவையில்லை என்று அதற்குப் பொருளில்லை. எனினும் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு நம் காசநோய்த் திட்டங்கள் மாத்திரையை எண்ணினவே அன்றித் தட்டில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் கேட்கவில்லை.

சென்னை ஆய்வு ஒரு நகரத்தில் நடந்தது. கிராமங்களில் நிலை என்ன? 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் ஆலைப்புகையும் நெரிசலும் கொண்ட நகரத்தின் நோய் என்ற எண்ணத்தை உடைத்தது. கிராமங்களிலும் அது ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தில் வாழும் நாட்டில், நோயாளிகளிலும் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள். தஞ்சைத் தரணி போன்ற, ஊரோடு ஊர் ஒட்டி நிற்கும் அடர்ந்த வேளாண் நிலத்துக்கு இது நேராகப் பொருந்தும் செய்தி.

அக்கிராமத்து நோயாளிகளைக் கண்டுபிடிப்பது எப்படி? எக்ஸ்ரே வண்டிகளை ஊர்ஊராக ஓட்டுவதா? 1959இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசிய காசநோய் நிறுவனத்தின் குழு, வண்டியை ஓட்டுவதற்கு முன் நோயாளிகளையே கேட்டுப் பார்த்தது. தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் அன்றைய மைசூர் மாநிலத்துத் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வு 1963இல் வெளியாயிற்று. சளியில் கிருமி உள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் தமக்கு ஏதோ உடல்நலக்கேடு இருப்பதை உணர்ந்திருந்தார்கள். 72 சதவீதம் பேர் அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 52 சதவீதம் பேர் மருத்துவ உதவியைத் தேடி ஏற்கெனவே நடந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைச் சோதிக்கவில்லை, காசநோய் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் நமக்குச் சற்று வெட்கம் ஏற்படுகிறது. பாமரர்கள் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள் என்பது படித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பேச்சு. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும்கூட அது உண்டு. தும்கூரின் கணக்கு அதைத் திருப்பிப் போட்டது. அவர்களில் பாதிப்பேர் இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள்தான் அவர்களைப் பார்த்தும் காணவில்லை.

1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இந்தப் பார்வையின் மேல் எழுந்ததே. பெங்களூர் நிறுவனத்தில் பணியாற்றி, பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான ஹாஃப்டன் மாலரும் அதை வடிவமைத்தவர்களுள் ஒருவர். நோய்க்கென்று தனி ஊழியர் படை வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருமலோடு வருகிறவரின் சளியை அங்கேயே நுண்ணோக்கியில் பார்க்கட்டும். அங்கேயே மருந்தும் தரட்டும். சளிச் சோதனைக்கான செலவு குறைவு; வேண்டியது பழகிய கண்ணும் பொறுமையும். கோக்கின் தகடு கடைசியில் கிராமத்துப் பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்துசேர்ந்தது, குறைந்தபட்சம் தாளில்.

தாளுக்கும் வயலுக்கும் இடையே என்ன ஆயிற்று என்பது நாடறிந்த கதை. மருந்து பல இடங்களில் தட்டுப்பட்டது. தொடங்கியவர்களில் பெரும்பகுதியினர் முடிக்கவில்லை. 1993இல் சோதனையாகத் தொடங்கி 1997 முதல் விரிந்து 2006இல் நாடு முழுவதையும் எட்டிய திருத்திய திட்டம், டாட்ஸ் முறையைக் கொண்டுவந்தது. ரிஃபாம்பிசின் போன்ற புதிய மருந்துகளால் சிகிச்சைக்காலம் ஆறு மாதமாகச் சுருங்கியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒருவர் கண்முன்னே மாத்திரை விழுங்க வேண்டும்.

டெல்டாவில் அந்த மூன்று நாள் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை. அதைத் தொடர்ந்து சம்பா, தாளடி. நாற்றுப் பறியும் நடவும் சில வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டியவை. அந்த வாரங்களில் கிடைக்கும் கூலிதான் அடுத்த மாதங்களின் அரிசி. விடியற்காலையில் கும்பலாக வயலில் இறங்கும் நடவாட்களில் ஒருத்தி, மருந்து விழுங்கிவிட்டு வருகிறேன் என்று பத்து மணிக்கு வந்து சேர்ந்தால் அவளுக்கு அன்று வேலை இல்லை. ஏன் தாமதம் என்ற கேள்விக்கு விடை சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். தண்ணீர் வராத ஆண்டுகளில் ஆண்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுவார்கள். மாத்திரைப் பெட்டி ஊரில் இருக்கும், ஆள் வேறூரில் இருப்பார். ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் வேலையைத் தேடிப் போனவர்கள் என்பதைப் பதிவேடு சொல்லாது. மருத்துவம் வீட்டருகே வந்துவிட்டது. ஆனால் அதன் நேரம் இன்னும் அவர்களுடைய நேரமாக ஆகவில்லை.

பிந்தைய மாற்றங்கள் பல இந்தச் சிக்கலை நோக்கியே வந்தவை. 2012 முதல் காசநோயைத் தனியார் மருத்துவரும் அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். ‘நிக்‌ஷய்’ என்ற கணினிப் பதிவால் ஓரூரில் தொடங்கிய சிகிச்சையை வேறூரில் தொடர முடிகிறது. 2017 முதல் வாரம் மூன்று நாள் முறை மாறி, தினமும் கூட்டு மாத்திரையை வீட்டிலேயே உட்கொள்ளும் முறை வந்தது. ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் போன்ற கருவிகள் கிருமியை மட்டுமன்றி அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன. 2018 ஏப்ரல் முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் செலுத்தப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய்.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தனியாகச் சொல்லத் தக்கது. நோய் உறுதியானவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில எளிய அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் ஆபத்தின் குறி தெரிந்தால் அவரை மருத்துவமனையில் சேர்த்து உணவும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரு மாதங்களில் நிகழ்வதுதான் இதற்குக் காரணம். சென்னையின் பழைய ஆய்வு பெரும்பாலோருக்கு வீடே போதும் என்று நிறுவியது. இத்திட்டம், வீட்டுக்கு அனுப்பக்கூடாத சிலர் யார் என்று முதல் நாளே கேட்கிறது. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து அதை நிறைவு செய்கிறது.

உணவைப் பற்றிய பழைய மறதியும் இப்போதுதான் திருத்தம் பெறுகிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் முடிவு வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு உள்ளிட்ட உணவுப்பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கும் தொடக்க மாதங்களில் எடை கூடுவது உயிரைக் காக்கும் என்று தெரிந்தது. தமிழ்நாட்டுக்கே சோறு போட்ட மண்ணில் நாற்று நட்டவர்களின் எடையை இவ்வளவு காலம் கழித்துத்தான் நோய்ச்சீட்டில் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நாம் எங்கே நிற்கிறோம்? இந்தியாவில் லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் புதிதாக நோயுறுபவர் 2015இல் 237 ஆக இருந்து 2024இல் 187 ஆகக் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. குறைவுதான், ஆனால் 2025க்குள் ஒழிப்பு என்று அறிவித்த இலக்கிலிருந்து வெகுதொலைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு இன்னொரு செய்தியையும் சொன்னது. அறிகுறி உள்ளவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரையும் நாடவில்லை. பெரும்பாலோர் சொன்ன காரணம், அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்பது. கண்டறியப்பட்ட நோயாளிகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர், எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தவறியிருப்பார்கள்.

இதைக் காட்டி, தும்கூரின் பாடம் பொய்த்துவிட்டது, மக்கள் வருவதில்லை என்று சொல்லலாம். இரண்டு கணக்குகளும் ஒன்றையே அளக்கவில்லை. தும்கூரில் கேட்கப்பட்டவர்கள் நோய் முற்றிச் சளியில் கிருமி தெரிந்தவர்கள். இங்கே இருமல் முதலான அறிகுறி உள்ள எல்லோரும். பிந்தைய கணக்கெடுப்பின் ஒரு பகுதி கொரோனாக் காலத்திலும் நடந்தது. அதைவிட முக்கியமானது, ‘பொருட்படுத்தவில்லை’ என்ற சொல்லை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பது. இருமலுக்காக ஒரு நாள் கூலியை இழந்து, வரிசையில் நின்று, ஒரு புட்டி மருந்தோடு திரும்பிய அனுபவம் ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு இருந்தால், அடுத்த இருமலைப் பொருட்படுத்தாமலிருப்பது அனுபவம் கற்றுத்தந்த பாடமே. அந்தப் பாடத்தை மறக்கச் செய்யும் பொறுப்பு கற்றுக்கொடுத்தவர்களுடையது.

ஆகையால்தான் எக்ஸ்ரே கருவி இப்போது வண்டியேறிக் கிராமத்துக்குப் போவதை நாம் வரவேற்கிறோம். தூரத்தின் பெரும்பகுதியை இந்த முறை மருத்துவம் நடக்கிறது. ஆனால் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். நடவு நாளில் காலை பதினொரு மணிக்கு ஊர்ப் பொதுச்சாவடியில் நின்றுவிட்டுப் போகும் வண்டி, யாரைப் பார்க்க வந்ததோ அவரைப் பார்க்காமலே போய்விடும்.

ராமானுஜனின் நோய் என்னவென்று இனி ஒருபோதும் உறுதியாகத் தெரியப்போவதில்லை. அவருக்காக அந்தக் கேள்வியை 74 ஆண்டுகள் கழித்தும் எடுத்து ஆராய ஒருவர் இருந்தார். கடிதங்கள் இருந்தன, குறிப்புகள் இருந்தன. அதே காவிரிக்கரையில் அதே ஆண்டுகளில் மறைந்தவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. இன்று ஒரு சுகாதார நிலையத்தில் இருமலோடு வந்து நிற்பவரின் சளியை வாங்கிச் சோதித்து, அவர் எடையையும் மூச்சையும் குறித்துவைத்து, அடுத்த வாரம் அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கோபமின்றிக் கேட்டு வரும் செவிலியர் செய்வது அந்த விடுபட்ட வரியை எழுதும் வேலையே. அந்த வேலைக்கு வேண்டிய ஆளும் மருந்தும் தடையின்றிக் கிடைக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டிருப்பது நம் பங்கு.